சூசை மாமா ஏன் போனை வைத்தார்

எய்யா,

போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மூன்றாம் தடவை, இன்றைக்கு, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, “இன்னுமா சொல்லாம இருக்கப் போறீய?” என்றாள். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “போன்ல பேசுனா நீங்க பாதியில தண்ணி குடிக்கப் போயிருவீய. எழுதுங்க” என்று சொல்லி ஒரு நோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். ஆக, இது அவள் உத்தரவு. எழுதி முடித்ததும் அவளே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். என்னிடம் விட்டால் நான் அனுப்ப மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் உன் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், உன் பெயரும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. வேறு வேலை தேடி அலைவதைவிட ஊருக்கே வந்து, வரும் வாடகை ஏலத்தில் நம்முடைய மூன்றாம் நம்பர் கடையோடு பக்கத்தில் பூட்டிக் கிடக்கும், சூசை மாமா வைத்திருந்த நாலாம் நம்பரையும் எடுத்துவிடலாம் என்கிறாய். நடுச்சுவரை இடித்துவிட்டு ஒரு பக்கம் தார்ப்பாயும் கயிறும், இன்னொரு பக்கம் மீன்பிடி சாமான். சூசை மாமாவையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். சேமிப்பு பத்தாவிட்டால் மருமகள் நகை இருக்கிறது. “நீங்க எதுக்கும் பயப்படாதீங்கப்பா, நம்ம வரிசையில ஒருத்தர் கடைய ஒருத்தர் கேக்க மாட்டாங்கல்லா?” என்று சிரிக்கிறாய். கடைசியில்தான் சிரிப்பு நின்று, மாமாவுக்குப் போன் போட்டதையும், “ஒங்க அப்பன்ட்ட கேளுலே” என்று அவர் வைத்துவிட்டதையும் சொல்கிறாய். மாமா அப்படிப் பேசுகிற ஆளில்லையே, என்னப்பா நடந்தது என்று கேட்கிறாய்.

நடந்தது நான்தான் எய்யா. அதைச் சொல்வதற்கு முன்னால் இப்போது கடைத்தெரு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நீ கடைசியாகப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. ஒன்பது கடையில் நாலு ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு ஷட்டரிலும் ‘வாடகைக்கு’ என்று எழுதி, அந்த எழுத்தும் உப்புக்காற்றில் உரிந்துவிட்டது. மாலத்தீவுக்குப் போகிற தோணிக்காரர்கள் முன்பு ஒரு நடைக்கு ஒரு தார்ப்பாய் என்று வாங்குவார்கள், இப்போது கிழிந்ததை ஒட்டுப்போட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். உப்பளத்துக்காரர்கள் மொத்தமாகப் போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்துவிடுகிறார்கள். லாரிக்காரன் வந்தால் விலை கேட்டுவிட்டு என் முன்னாலேயே போனைத் தட்டிப் பார்க்கிறான். இதெல்லாம் எப்படியாவது சமாளித்திருக்கலாம். வாடகைதான் சமாளிக்க விடவில்லை. கடைகளுக்குச் சொந்தக்கார டிரஸ்டின் ஆபீஸ் பியூன் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்கினாலே நான் எழுந்துவிடுகிறேன். அறுபத்து நாலு வயதில் ஒரு பியூனைப் பார்த்து உள்ளே போய்க் கயிற்றுக் கட்டுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி நிற்கிறேன். அவனும் பாவம், பார்க்காத மாதிரிப் போய்விடுகிறான்.

அந்த வாடகையை ஏற்றியவன் நான். இதைத்தான் உனக்குச் சொல்லாமல் ஆறு வருஷத்தை ஓட்டினேன்.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை டிரஸ்ட் ஹாலில் நடக்கும் ஏலத்துக்கு உன்னைச் சின்ன வயதில் ஒரு தடவை கூட்டிப் போயிருக்கிறேன். நீ பாதியில் தூங்கிவிட்டாய், அதனால் பார்த்திருக்க மாட்டாய். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாகக் கூப்பிடுவார்கள். எந்தக் கடையைக் கூப்பிடுகிறார்களோ அந்தக் கடைக்காரர் மட்டும் கையை முன்னால் வைத்திருப்பார். மற்ற எட்டுப் பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்போம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எங்களுக்கு முன்னால் கடை வைத்திருந்தவர்கள் அப்படி நின்றார்கள், நாங்களும் நின்றோம். வெளியாள் யாராவது கேட்க வந்தால், எட்டுப் பேர் பின்னால் கைகட்டி நிற்பதைப் பார்த்ததும் விஷயம் புரிந்து நைசாக வெளியே போய்விடுவான். போன தடவைக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு அவரவர் கடையை அவரவர் எடுத்துக்கொள்வோம். டிரஸ்டுக்கும் வருத்தமில்லை, எங்களுக்கும் பிழைப்பு ஓடியது. கை அசைந்தால் கேட்கிறேன் என்று அர்த்தம். அதனால் மூக்கு அரித்தாலும் சொறியாமல் நிற்பவர்கள் நாங்கள்.

சூசை மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தூண்டில் முள்ளும் தங்கூஸ் நரம்பும் ஈயக்குண்டும் விற்கிற அந்தக் கடையில்தான் நீ பாதி நாள் கிடந்தாய். எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இரண்டு கடைக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இரண்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது, “உம்ம சரக்கப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுவே. கேட்டவனுக்கெல்லாம் பெருசா வெட்டிக் கொடுத்துட்டேன், ஒருத்தனும் சண்டைக்கு வரல” என்றார். நீ சைக்கிள் பழகி அவருடைய கண்ணாடிப் பெட்டியில் கொண்டுபோய் இடித்தாயே, அன்றைக்கு அவர் தன் கைதான் பட்டு உடைந்தது என்று என்னிடம் சாதித்தார். உன் முழங்காலில் கண்ணாடித் தூள் இருந்தது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், நான் அடித்துவிடக் கூடாதே என்று அவர் பொய் சொல்வதைப் பார்த்துப் பேசாமல் இருந்தேன். அப்படிப்பட்ட மனுஷன்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஏலத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஏழாம் நம்பர் பழக்கடைக்காரர் டீ குடித்துக்கொண்டே, “அண்ணாச்சி, சூசை டேப்ப வச்சு உம்ம நடுச்சுவர அளந்துக்கிட்டு நின்னாரே, என்ன விசயம்?” என்று கேட்டார். அவர் வம்புக்குக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். ஏற்கெனவே அந்த வருஷம் வியாபாரம் படுத்திருந்தது. நம் கடை முனைக்குப் பக்கம், லாரி நிறுத்த வசதி. அதை எடுத்துச் சுவரை இடித்துத் தன் கடையைப் பெரிதாக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். பத்து அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், “எதுக்கு அளந்தீரு?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்த ஒரு வாரமும் அவர் கொடுத்த முறுக்கைக்கூட சந்தேகத்தோடு கடித்தேன்.

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து பருத்திக்குத் தார்ப்பாய் வாங்க வருகிற ஒருவரைப் பிடித்தேன். ஏலத்துக்கு வாரும், அந்தச் சத்தத்தில் யாருக்கு எது விழுந்தது என்று உமக்குப் பிடிபடாது, என் கடை எனக்கே விழுந்துவிட்டால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து உதறுவேன், நீர் சும்மா இருந்துவிடலாம், துண்டை உதறாவிட்டால் நாலாம் நம்பரை இத்தனை வரைக்கும் கேளும், கூலிக்கு ஒரு தார்ப்பாய் சும்மா தருகிறேன் என்று ஏற்பாடு. என் கடை போனால் சூசை கடையாவது கையில் இருக்கட்டும் என்று கணக்கு. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்து முதல் நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் கேட்டேன். பக்கத்தில் சூசை மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றார். யாரும் கேட்கவில்லை. கடை எனக்கு விழுந்தது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் நினைத்தது அத்தனையும் பொய் என்று. துண்டை எடுத்து உதறினால் போதும். அதற்குள் நாலாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வழக்கப்படி என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. இப்போது துண்டுக்குக் கையைக் கொண்டுபோனால் நான் சூசை கடையைக் கேட்கிறேன் என்று ஆகிவிடும். ஏழு பேர் பார்க்கிறார்கள். ஓட்டப்பிடாரத்துக்காரர் கையைத் தூக்கினார். சூசை மாமா திரும்பிப் பார்த்துவிட்டுக் கூட்டிக் கேட்டார். அந்த ஆள் மறுபடி கையைத் தூக்கினார். என் கைகள் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சபையில் அவமானப்படுவதற்குப் பயந்து, பக்கத்தில் நிற்கிற மனுஷன் அழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய வாடகையைப் போல மூன்று பங்கில் போய்க் கடை சூசை மாமாவுக்கே விழுந்தது. அதற்குப் பிறகு கூப்பிட்ட ஐந்து கடைக்கும் டிரஸ்ட்காரர்கள் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். அடுத்த ஏலத்தில் நமக்கும் அதுவே அடிவிலை. வெளியாட்கள் துணிந்து வர ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான். நீ நம்பிச் சிரிக்கிற அந்தக் கட்டுப்பாடு இப்போது இல்லை எய்யா. வரும் ஏலத்தில் யார் வேண்டுமானாலும் கேட்பான்.

நாலு நாள் கழித்து, மனது கேட்காமல், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, “சுவர எதுக்குவே அளந்தீரு?” என்று கேட்டேன். சூசை மாமா தங்கூஸ் உருண்டையை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. “நீரு தார்ப்பாய ரோட்டுல விரிச்சு வெட்டுதீரு, லாரிக்காரன் ஏசுதான். எனக்கு அம்புட்டு எடம் வேண்டாம். சுவத்துல ஒரு வழி விட்டு, எங் கடையில பாதிய உமக்குத் தந்துட்டு, வாடகையப் பாதிப் பாதியா கெட்டலாம்னு நெனச்சேன். ஏலம் முடியட்டும் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. நான் கடைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு ஆளுக்குக் கயிறு நிறுத்துக் கொடுத்தேன். எத்தனை கிலோ கேட்டான் என்று இரண்டு தடவை மறந்துவிட்டேன். ஒன்றரை வருஷத்தில் அவர் கடையைப் பூட்டினார். இப்போது மொபெட்டில் சாமானைக் கட்டிக்கொண்டு பெரியதாழை வரைக்கும் கரையோர ஊர் ஊராகப் போய் விற்கிறார். வெயில் காலத்திலும் போகிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

அம்மாவுக்கு மட்டும், சுவர் விஷயம் தெரிந்த அன்றைக்கே சொன்னேன். அவள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் வீட்டுக்குப் போய் ஒத்துக்கொள்ளச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டாள். போகவில்லை. உன் செய்தி வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசை பார்த்துவிட்டுத் திரும்புகிற நேரத்துக்குப் போய் வீட்டு வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். சொல்லிவிட்டேன். ஓட்டப்பிடாரத்துக்காரர், துண்டு, எல்லாம். அவர் மொபெட்டில் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும்வே” என்றார்.

“எப்பத்துல இருந்து?”

“ஏலத்தன்னைக்கு சாயங்காலமே தெரியும். அந்த ஆளு உம்ம கடைத் தார்ப்பாயத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். நீரு சும்மா குடுத்ததுதான? காசு வாங்கியிருந்தா அன்னைக்கு உம்ம மொகம் அப்படி இருக்காது.”

அப்படியானால் சுவரை ஏன் அளந்தார் என்று என்னிடம் சொன்னபோது அவருக்கு எல்லாம் தெரியும். நான் தெரியாதவனைப் போலக் கேட்டதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. பின்னே ஏன் கேட்டுக்கொண்டே போனீர், அப்போதே விட்டிருக்கலாமே என்றேன். “ரோசம். வேறென்ன? அந்த ஆள் யார்னு அப்பத் தெரியாதுல்லா” என்றார். பிறகு, “ஒம்ம மவன் போன் போட்டான். கூட்டுக்குக் கூப்பிடுதான். நான் என்னத்தச் சொல்ல? நீரு சொல்லாம நான் சொன்னா நல்லாருக்குமா?” என்றார்.

அவன் கூப்பிட்டால் வருவீரா என்று கேட்டேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். “அவன் கூப்பிட்டா வாரேன். ஆனா நீரு அங்கன ஒக்காரப்படாது. ஒரு நாளு கூட. என்னால முடியாதுவே.” குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

அங்கேயே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? முப்பத்தெட்டு வருஷம் காலையில் எழுந்து போக ஒரு இடம் இருந்தது, நாளைக்கு எழுந்து எங்கே போவது என்ற பயம்தான். நேற்றுக் காலை போன் போட்டு, சரிவே என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான்.

இப்போது என் பயத்தையெல்லாம் சொல்லிவிடுகிறேன், அப்பா அதிகம் படித்தவனில்லை, புத்திமதியாக எடுத்துக்கொண்டாலும் சரி. நீ வந்து ஏலத்தில் நிற்கும்போது, இது அப்பாவின் கடை, விடக் கூடாது என்று நினைத்துக் கேட்டுவிடுவாயோ என்பதுதான் முதல் பயம். அப்படி நினைக்காதே. தோணி ஓடுகிற மாதத்து வியாபாரத்தை வைத்து வாடகை கேட்காதே, தோணி கரையில் கிடக்கிற மாதத்தை வைத்துக் கேள். இரண்டு கடை வேண்டாம், ஒன்றை எடு, அதில் இரண்டு பேரும் சமாளியுங்கள், சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு தொகையை வீட்டிலேயே மருமகளோடு உட்கார்ந்து முடிவு பண்ணி, அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் வெளியே வந்து டீ குடி. அவள் நகையைத் தொடாதே. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கடை போனால் வேறு வேலை செய்துகொள்ளலாம், உப்புக் கம்பெனியிலோ கண்டெய்னர் யார்டிலோ கணக்கெழுதலாம். அவள் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தினமும் நீ தலையைக் குனிந்தால் அதற்கு மருந்து கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். யார் மேலாவது சந்தேகம் வந்தால் அன்றைக்கே போய் நேரே கேட்டுவிடு. பதில் கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்கு ஒரு அளவு இருக்கும். கேட்காமல் வைத்திருக்கிற பயத்துக்கு அளவே இல்லை, அது என்னை எதுவரைக்கும் கொண்டுபோனது என்று நீயே பார்த்துவிட்டாய்.

இரண்டாவது பயம், இதை எழுதும்போதும் கையைப் பிடித்து இழுக்கிறது. சின்ன வயதிலிருந்து நீ நாலு பேரிடம், “எங்கப்பா ஏமாத்தவே மாட்டாரு” என்று சொல்லிக்கொண்டு திரிவாய். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் அதற்காகச் சண்டை போட்டு உதடு கிழிந்து வந்தாய். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனிமேல் அதை நீ சொல்ல முடியாது. என்னை நீ எந்தக் கண்ணோடு பார்ப்பாய் என்று நினைத்தால் ஏலத்தைவிட, வாடகையைவிட அதுதான் பயமாக இருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது, மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். அது உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் இல்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன், அவர் கொடுத்தாரா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. முதலில் சூசை மாமாவுக்குப் போடு. இந்தத் தடவை அவர் வைக்க மாட்டார். கடை விஷயம் பேசுவதற்கு முன்னால், “அப்பா சொல்லிட்டாரு மாமா” என்று மட்டும் சொல். அவர் ஏதாவது கோபமாகச் சொன்னால் எனக்காக வாதாடாதே. பிறகு, மனது வந்தால், எனக்குப் போடு. வராவிட்டால் அம்மா நம்பருக்குப் போட்டு அவளிடம் பேசு. ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவளைத் தொந்தரவு செய்ய மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

அப்பா